ஸ்டாப்பராக இருந்த என்னை லெஃப்ட் பேக் ஆக்கிவிட்டார்கள்

தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 19 வயதுத் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். அவரை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறார். ஏழாம் வகுப்பிலிருந்தே கால்பந்தில் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் பின்வரிசையின் நடுவில் நின்று தடுப்பவர். ஊருணிக் கரைப் பொட்டலில் ஆடிப் பழகி, பள்ளி அணிக்குக் கேப்டனாகி, கல்லூரியில் முதல் ஆண்டிலேயே அணியில் இடம் பிடித்தவர். இந்த ஆண்டு ஆறடிக்கு மேல் உயரமுள்ள ஒரு ஸ்டாப்பர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். பின்வரிசையின் இடது ஓரத்தைக் காக்கும் லெஃப்ட் பேக்காக ஆடிய அண்ணன் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டார். பி.டி. சார் ஒரு மாலை, பயிற்சி முடிகிற நேரத்தில், “நாளையிலேருந்து நீ லெஃப்ட் பேக்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தம்பிக்கோ வலது கால்தான் பழக்கம்.

அதற்குப் பிறகு ஐந்து ஆட்டங்கள். நான்கில் அவர் பக்கமிருந்து கோல் விழுந்திருக்கிறது. புதுக்கோட்டையில் நடந்த ஆட்டத்தின் மூன்றாவது கோலை யாரோ செல்போனில் பிடித்து அணியின் வாட்ஸ்அப் குழுவில் போட, அதை ராத்திரி ராத்திரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேகம் போய்விட்டது என்று முடிவுகட்டி, உடம்பைக் குறைக்கச் சோற்றை நிறுத்தி, இரண்டு மாதத்தில் 68 கிலோவிலிருந்து 63க்கு வந்துவிட்டார். கடிதத்தின் நடுவில் ஒரே ஒரு வரி: “இடது கவட்டையில் கொஞ்சம் வலி இருக்கு, அது பெருசில்ல, மேட்சுக்கு முன்னாடி ஒரு மாத்திரை போட்டா தெரியாது.” ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பா, “ஆடினது போதும், படிக்கிற வழியப் பாரு” என்கிறாராம்.

அவர் கேட்பது இதுதான்: பழைய இடத்தைக் கேட்டு வாங்க எனக்கு உரிமை இருக்கிறதா? வேகம் கூட என்ன பவுடர் சாப்பிடலாம்? லெஃப்ட் பேக்காக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு என் சான்றிதழ் செல்லுமா, இல்லை இத்தோடு விட்டுவிடலாமா?

அன்புத் தம்பி,

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவியது எழுத்தைவிடக் கடைசித் தாளில் இருக்கும் படம். கட்டம் போட்ட நோட்டுத்தாளில் பென்சிலால் மைதானத்தை வரைந்து, அந்த மூன்றாவது கோல் விழுந்த நொடியில் யார் யார் எங்கே நின்றார்கள் என்று குறித்திருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு சின்ன மூக்கு, எந்தப் பக்கம் பார்த்து நின்றார் என்று காட்டுவதற்கு. நான் விளையாட்டு மருத்துவன். கல்லூரி நாள்களில் பேக் ஆடியவனும்கூட. இத்தனை வருடத்தில் மூக்கோடு படம் வரைந்து அனுப்பிய முதல் ஆட்டக்காரர் நீங்கள்தான். ஆட்டத்தை இப்படிக் கவனித்துப் பார்க்கிற ஒருவர் அதை விடுவதைப் பற்றி யோசிக்கிறார் என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

அந்த மூன்றாவது கோல்

படத்தில் பந்து நம் ரைட் பேக் பக்கம், கார்னர் கொடிக்கு அருகில் இருக்கிறது. நீங்கள் உள்ளே வந்து, கோலின் தூரத்துக் கம்பத்துக்கு நேரே நிற்கிறீர்கள். அவர்களுடைய ரைட் விங்கரை, அதாவது வலது ஓரமாக ஏறித் தாக்குபவரை, பெருக்கல் குறியாக உங்கள் முதுகுக்குப் பின்னால் போட்டிருக்கிறீர்கள். பக்கத்திலேயே, “நான் உள்ள வந்துட்டேன், என் தப்பு” என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு. கோல் விழுந்ததும் வெளியிலிருந்து சார், “ஏன்டா உள்ள போற?” என்று கத்தினாராம். அதனால் அடுத்த ஆட்டத்தில் பக்கக் கோட்டை ஒட்டியே நின்றீர்கள். உங்களுக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவில் ஒரு லாரி போகிற இடைவெளி விழுந்து, அவர்களுடைய ஸ்ட்ரைக்கர் அதற்குள் புகுந்து நாலாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டார்.

தம்பி, புதுக்கோட்டையில் நீங்கள் நின்ற இடம் சரியான இடம். பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது இந்தப் பக்கத்து பேக் உள்ளே வந்து தூரத்துக் கம்பத்தைக் காக்கத்தான் வேண்டும். தப்பு, உங்கள் வட்டத்தின் மூக்கில் இருக்கிறது. அது நேராகப் பந்தையே பார்க்கிறது.

ஸ்டாப்பராக நின்ற உங்களுக்கு அது ஏழு வருடப் பழக்கம். ஸ்டாப்பர் காக்க வேண்டிய ஆள் பெரும்பாலும் அவருக்கு முன்னாலோ, கையெட்டும் தூரத்திலோ இருப்பார். இரண்டு பக்கமும் நம் ஆட்கள். பந்தைப் பார்த்து மார்பைத் திருப்பிக்கொண்டாலும் ஆளின் சட்டை தோளில் உரசும். இருக்கிறான் என்று தெரியும். பேக்கின் ஆள் அப்படி நிற்பதில்லை. பந்து மறுகோடியில் இருக்கும்போது அவன் பத்துப் பதினைந்து கஜம் தள்ளி வெளியே நின்று, நீங்கள் பந்தைப் பார்க்கிற நொடிக்காகக் காத்திருப்பான். அந்த நொடியில் உங்கள் முதுகுப் பக்கமாக ஓடி வருவான். நீங்கள் அவனைப் பார்க்கும்போது அவன் ஓட்டத்தில் இருக்கிறான், நீங்கள் நின்ற நிலையில் இருக்கிறீர்கள். அப்படிப்பட்ட ஓட்டத்தை யாராலும் பிடிக்க முடியாது. வீடியோவில் பார்த்தால் கால் ஓயாதவன் மாதிரியும் நீங்கள் கட்டிப்போட்டவர் மாதிரியும் தெரியும். அதைப் பார்த்துத்தான் “வேகம் போச்சு” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதே கடிதத்தில், போன வருட விளையாட்டு விழாவில் 100 மீட்டர் 12.6 விநாடி, இந்த வருடம் 12.5 என்றும் எழுதியிருக்கிறீர்கள். கால் அப்படியே இருக்கிறது. கண் பழைய இடத்திலேயே நிற்கிறது.

ஆகவே உள்ளே வாருங்கள், ஆனால் பந்தை நோக்கி முழுசாகத் திரும்பாதீர்கள். முதுகு நம் கோலைப் பார்க்கட்டும், மார்பு மைதானத்தைப் பார்க்கட்டும். வலது கண் ஓரத்தில் பந்து, இடது கண் ஓரத்தில் விங்கர். இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை என்றால் ஓர் அடி பின்னால் வாருங்கள். தெரியும். பந்து பயணப்படுகிற ஒவ்வொரு முறையும் தலையை இடப்பக்கம் ஒருமுறை திருப்பிவிடுங்கள். இதற்குப் பயிற்சி எளிது: பந்தில்லாமல், பொட்டலில் ஒரு நண்பரைப் பின்னால் நிறுத்தி, அவர் விரலை எத்தனை தூக்குகிறார் என்று நீங்கள் சொல்ல வேண்டும், எதிரே இன்னொருவர் பந்தை உருட்டிக்கொண்டிருக்க. தினமும் பத்து நிமிடம் போதும்.

இன்னொரு கோலைப் பற்றிப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எதிராளி தங்களுக்குப் பின்னால் நின்று பந்து வாங்கினால் தப்பாகும்படி எல்லாரும் முன்னேறி ஆஃப்சைடு போட்டார்கள், நீங்கள் மட்டும் ஓர் அடி பின்னால் இருந்தீர்கள். இதுவும் பழைய பழக்கத்தின் மறுபக்கம்தான். ஸ்டாப்பராக இருந்தபோது பின்வரிசையின் கோட்டை நிறுத்தியவர் நீங்கள். மற்றவர்கள் உங்களைப் பார்த்து நின்றார்கள். இப்போது நீங்கள் அந்தப் புதுப் பையனைப் பார்த்து நிற்க வேண்டும். கோல்கீப்பரைச் சேர்த்து எண்ணினால், கடைசிக்கு முந்தின ஆளுக்குச் சமமாக நின்றாலே எதிராளி ஆஃப்சைடு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் உங்கள் ஓர் அடிதான் மொத்த அணியின் கோடு. விங்கரை ஒரு பார்வை, பந்தை ஒரு பார்வை, ஸ்டாப்பரை ஒரு பார்வை. ஆரம்பத்தில் கழுத்து வலிக்கும் அளவுக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், “இப்பல்லாம் நான் கிரவுண்டுல பேசறதே இல்ல சார்” என்று ஒரு வரி. அங்கே நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஏழு வருடம் பின்னாலிருந்து “ஏறு, ஏறு”, “ஆளு, ஆளு”, “விடு, கீப்பர்” என்று சத்தம் கொடுத்தே ஆடியவர். இடம் மாறியதும் அந்த உரிமையும் போய்விட்டதாக நினைத்து வாயை மூடிக்கொண்டீர்கள். புதுப் பையன் உயரமாக இருக்கலாம். ஆனால் உங்களுக்கு வயதிலும் ஆட்டத்திலும் இளையவன். அவனுக்கு இடது பக்கத்திலிருந்து ஒரு குரல் தேவைப்படுகிறது. நீங்கள் சத்தம் கொடுக்க ஆரம்பித்தால் உங்கள் கண்ணும் தானாக அலைய ஆரம்பிக்கும், ஏனென்றால் பார்க்காததைச் சொல்ல முடியாது.

வலது காலோடு இடது பக்கம்

இதை ஒரு குறையாகவே எழுதியிருக்கிறீர்கள். இத்தாலியின் பாவ்லோ மால்தினி இயல்பில் வலது காலாட்டக்காரர். ஏசி மிலானில் லெஃப்ட் பேக்காகத்தான் உலகம் அவரை முதலில் அறிந்தது; ஸ்டாப்பராக ஆடியது பெரும்பாலும் பிற்பாடு. ஜெர்மனியின் பிலிப் லாமும் வலது கால்காரர். 2006 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், கோஸ்டா ரிகாவுக்கு எதிராக, லெஃப்ட் பேக்காக நின்ற அவர் இடப்பக்கமிருந்து உள்ளே வெட்டி வலது காலால் அடித்ததுதான் அந்தப் போட்டியின் முதல் கோல். அதே லாம் பிற்பாடு ரைட் பேக் ஆடினார், பயர்ன் மியூனிக்கில் நடுக்களமும் ஆடினார், 2014 உலகக் கோப்பையில் நடுக்களத்தில் தொடங்கி கால் இறுதியிலிருந்து மறுபடி ரைட் பேக்குக்கு வந்து கோப்பையைத் தூக்கினார். ஸ்பெயினின் செசார் அஸ்பிலிக்குவேத்தா செல்சியில் வலது காலோடு லெஃப்ட் பேக் ஆடி 2015இல் இங்கிலாந்து லீக் வென்றவர். 2016–17 பருவத்தில் மூன்று பேர் கொண்ட பின்வரிசையில் ஸ்டாப்பராக நின்று, லீக்கில் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காராமல் ஆடி மறுபடியும் வென்றார்.

அவர்களோடு உங்களை ஒப்பிடுவதற்காகச் சொல்லவில்லை. வலது கால்காரருக்கு லெஃப்ட் பேக்கில் ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. விங்கர் உள்ளே வெட்டினால் உங்கள் பலமான கால் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இது வசதி. பந்து காலுக்கு வந்ததும் நீங்கள் உள்பக்கமே திரும்புவீர்கள் என்று எதிராளிக்கு இரண்டாவது முறையே தெரிந்துவிடும். இது சிக்கல். முதல் தொடுதலை இடது காலால் வெளிக்கோட்டை ஒட்டி வைக்கத் தெரிந்தால் பாதி தீர்ந்தது. ஒரு சுவரும் பந்தும் போதும். ஆனால் இதை இன்றைக்கே தொடங்க வேண்டாம். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன வலி

“அது பெருசில்ல” என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிது. மற்றது எல்லாம் பழகினால் வந்துவிடும்.

ஸ்டாப்பரும் பேக்கும் ஓர் ஆட்டத்தில் ஓடும் மொத்தத் தூரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் முழு வேகத்தில் ஓடுகிற தூரத்தில். பேக் கோட்டை ஒட்டி மேலே பாய்ந்து, பந்து போனால் அதே வேகத்தில் திரும்பி ஓட வேண்டும். பக்கவாட்டில் சறுக்கிச் சறுக்கி விங்கரை மறிக்க வேண்டும். இதோடு, இத்தனை நாள் ஊன்றுகாலாக மட்டும் இருந்த உங்கள் இடது கால் இப்போது நீளப் பந்தும், ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் அனுப்பும் கிராஸும் அடிக்கிறது. காலைப் பின்னுக்கு வீசி முன்னுக்கு இழுக்கத் தொடங்கும் அந்த நொடியில் உள்தொடைத் தசை உச்சமாக இழுபடும். ஒரே வாரத்தில் இவ்வளவு சுமையையும் அதன்மேல் ஏற்றிவிட்டீர்கள். போதாததற்குச் சோற்றையும் குறைத்தீர்கள். அது வலிக்காமல் என்ன செய்யும்? கலவை இறுகுவதற்கு முன்னால் கல்லை எடுத்துத் தரையில் பதித்தால் என்ன ஆகும் என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் கால்பந்தை வைத்து மெதுவாக அழுத்துங்கள். உள்தொடையின் மேல்பகுதியில், இடுப்பெலும்போடு சேரும் இடத்தில் வலி பிடித்தால் அது பெரும்பாலும் உள்தொடைத் தசைநாரின் பிரச்சினை. இது பயிற்சியால் சரியாகக் கூடியது. முழுசாகப் படுத்து ஓய்வெடுப்பதால் மட்டும் சரியாகாது. ஓய்வெடுக்கும்போது வலி அடங்கும், திரும்ப ஓடினால் வந்துவிடும். இரண்டு வாரம் முழு வேக ஓட்டத்தையும் இடது கால் அடியையும் நிறுத்துங்கள். மெதுவோட்டம், வலது கால் பாஸ், நிற்கிற இடப் பயிற்சி எல்லாம் செய்யலாம். இதே பந்தழுத்தத்தையே மருந்தாகவும் செய்யலாம், வலி பத்துக்கு இரண்டைத் தாண்டாத அளவில். பிறகு பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராக நிறுத்தும் நிலையில் உள்தொடைக்குச் சுமை கொடுக்கும் பயிற்சியையும், மண்டியிட்டு மெல்ல முன்னால் சாய்ந்து பின்தொடையைப் பலப்படுத்தும் நார்டிக் பயிற்சியையும் படிப்படியாகச் சேர்ப்பார். வந்து சில நாளே ஆன வலி என்றால் இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். மாதக்கணக்கில் தூக்கிக்கொண்டு ஆடிய வலி என்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம்வரை ஆகலாம். நீங்கள் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் மேலே சொன்ன எதையும் முயற்சி செய்யாமல் டாக்டரிடம் போய்விடுங்கள்: இருமும்போது கவட்டையில் புடைப்பு, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி, ஒற்றைக்காலில் குதித்தால் இடுப்புக்குள் ஆழமாகக் குத்துவது, காய்ச்சல். விதைப்பையில் திடீரென்று கடும் வலி வந்தால் அது அவசர சிகிச்சைக்கான விஷயம். மணிக்கணக்கில் தாமதிக்கக் கூடாது, வெட்கப்படவும் கூடாது. உங்களுக்குச் செலவு ஒரு கவலை என்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவில் காட்டலாம்.

அப்புறம் மாத்திரை. டைக்ளோஃபெனாக் என்கிற வலி மாத்திரையை ஆட்டத்துக்கு அரை மணி முன்னால் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர் வெயிலில், செம்மண் தரையில், நாலு மணிக்குத் தொடங்குகிற ஆட்டத்தில் உடம்பிலிருந்து லிட்டர் கணக்கில் வியர்வை போகும். அப்படி வறண்ட உடம்பில் இந்த வகை மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றையும் புண்ணாக்கும். தசைநாரை அது குணப்படுத்துவதும் இல்லை. “நிறுத்து” என்று உடம்பு சொல்வதைக் காதில் விழாமல் செய்கிறது, அவ்வளவுதான். இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

ஒரே ஊசியில் வலி போய்விடும் என்று நண்பர் ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்படி “ஒரே ஊசி” என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு ஊசியாக இருக்கும். உடம்பின் எந்த இடத்தில் போட்டாலும், ஸ்டீராய்டு ஊசி போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டது. 2022இலிருந்து உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதி அப்படித்தான் சொல்கிறது. பவுடர்களிலும் இதே ஆபத்து உண்டு. டப்பாவில் எழுதாத பொருள் உள்ளே கலந்திருந்து, பரிசோதனையில் மாட்டினால், “எனக்குத் தெரியாது” என்பது பதிலாக எடுபடாது. உடம்புக்குள் போனதற்கு ஆட்டக்காரரே பொறுப்பு. வேகத்துக்கு என்று ஒரு பவுடர் கிடையவே கிடையாது, தம்பி.

வேகமாக ஓடத் தேவை மாவுச்சத்து. நீங்கள் ஒதுக்கிய அந்தச் சோறுதான். பயிற்சியில் தலை சுற்றுகிறது, இரண்டாம் பாதியில் கால் கனக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது வேகம் போனதன் அடையாளம் என்று நினைத்தீர்கள். வயிறு காலியாக இருப்பதன் அடையாளம் அது. ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் சோறும் சாம்பாரும், அல்லது இட்லி. ஒரு மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம். முடிந்ததும் பால், முட்டை, சுண்டல். காரமும் எண்ணெயுமான கறி வறுவலை மட்டும் ஆட்டம் இல்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது செரிக்க நேரம் பிடிக்கும். அம்மா செய்த வெள்ளைப் பணியாரத்தைக்கூட வேண்டாம் என்று தள்ளியதாக எழுதியிருந்தது மனதைப் பிசைந்தது. அடுத்த முறை சாப்பிடுங்கள்.

சாரிடம் என்ன கேட்பது

சரி, உரிமை விஷயத்துக்கு வருவோம். எந்த இடத்தில் ஆட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பயிற்சியாளர்; அதில் உங்களுக்குச் சட்டப்படி உரிமை என்று எதுவும் இல்லை. ஆனால் காயத்தோடு ஆட மாட்டேன் என்று சொல்ல முழு உரிமை இருக்கிறது. அதை யாரும் ஒழுங்கீனம் என்று சொல்ல முடியாது. டாக்டர் சீட்டு ஒன்று கையில் இருந்தால் பேச்சு சுலபமாக முடியும்.

சார் உங்களை ஒதுக்கிவிட்டார் என்பதற்குக் கடிதத்தில் நான் பார்த்த ஒரே ஆதாரம், அவர் விளக்கம் சொல்லாமல் வண்டியில் ஏறிப் போனது. அது அவர் செய்த பிழைதான். ஏழு வருடம் ஓரிடத்தில் நின்றவனை நகர்த்தும்போது பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். ஆனால் ஒதுக்க நினைப்பவர் பெஞ்சில் உட்கார வைப்பார். ஐந்தில் நான்கு ஆட்டத்தில் உங்கள் பக்கமிருந்து கோல் விழுந்த பிறகும் அவர் உங்களை எடுக்கவில்லை, முழு 90 நிமிடமும் ஆட விட்டிருக்கிறார். புதுப் பையனால் வேறு இடத்தில் நிற்க முடியாது, உங்களால் முடியும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். அவர் மனதில் என்ன இருக்கிறது என்பது அவரைக் கேட்டால்தான் தெரியும்.

கேட்கும்போது, “ஏன் சார் என்னை மாத்துனீங்க?” என்று ஆரம்பிக்காதீர்கள். அது சண்டையில் போய் முடியும். பயிற்சி இல்லாத நேரமாகப் பார்த்து, இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போங்கள். “சார், பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது நான் எதுவரைக்கும் உள்ள வரணும்? மேல ஏறினா எனக்குப் பின்னாடி யார் வருவாங்க? இடது கால்ல அடிக்க வரலைன்னா நான் யாருக்குக் கொடுக்கணும்?” இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தால் நீங்கள் கற்றுக்கொள்ளலாம். இல்லை என்றால் அவரும் யோசிக்க ஆரம்பிப்பார். கடைசியாக வலியைச் சொல்லுங்கள், மறைக்காமல்.

வலி தீர்ந்து, இடத்தைச் சொல்லிக் கொடுத்து, அதன்பின் ஆறேழு ஆட்டம் ஆடியும் சரியாக வரவில்லை என்றால், அப்போது ரைட் பேக்கையோ பழைய இடத்தையோ மனம் விட்டுக் கேளுங்கள். எல்லாருக்கும் எல்லா இடமும் அமைவதில்லை. அதில் கேவலம் ஒன்றும் கிடையாது. ஆனால் கவட்டை வலியோடு, பாதி வயிற்றோடு, யாரும் சொல்லித் தராமல் ஆடிய ஐந்து ஆட்டத்தை வைத்து நீங்கள் லெஃப்ட் பேக்குக்கு லாயக்கில்லை என்று எப்படி முடிவு செய்வது?

சான்றிதழ் பயத்துக்கு ஒரே வரியில் பதில்: விளையாட்டு ஒதுக்கீட்டில் பார்ப்பது எந்த நிலைப் போட்டி, எந்த அணி, என்ன இடம் பெற்றது என்பதைத்தான், நீங்கள் ஸ்டாப்பரா பேக்கா என்பதை யாரும் பார்ப்பதில்லை.

அப்பாவிடம் கோபம் வேண்டாம். மகன் மெலிந்துகொண்டே போகிறான், சாப்பிடுவதில்லை, ராத்திரியில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எந்த அப்பாவும் அதைத்தான் சொல்வார். அவர் முன்னால் உட்கார்ந்து ஒரு வேளை வயிறாரச் சாப்பிடுங்கள், கவட்டை வலியை அவரிடமும் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கு அவரையே துணைக்குக் கூப்பிடுங்கள். அந்த வீடியோவைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். அதில் கற்க வேண்டியதை உங்கள் பென்சில் படமே சொல்லிவிட்டது.

பிசியோதெரபிஸ்டைப் பார்க்கப் போகும்போது பூட்ஸையும் மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். நம் பக்கத்துக் கட்டாந்தரைக்கு நீளமான இரும்புக் குமிழ் வைத்த பூட்ஸ் ஆகாது, சின்னச் சின்ன ரப்பர் குமிழ் நிறைய உள்ளதுதான் வேண்டும். உங்களுடையது எது என்று எழுதவில்லை. திரும்ப ஆட இறங்கும்போது ஃபிஃபா 11 பிளஸ் என்கிற 20 நிமிட வார்ம்அப்பை முழு அணியும் செய்யலாமா என்று சாரிடம் கேட்டுப் பாருங்கள். செலவில்லாதது, காயங்களைக் குறைக்கும் என்று ஆய்வுகளில் நிரூபணமானது.

திரும்பி வந்து ஆடும் முதல் ஆட்டத்துக்குப் பிறகு, கோல் விழுந்தாலும் விழாவிட்டாலும், இதே மாதிரி ஒரு படம் வரைந்து எனக்கு அனுப்புங்கள். மூக்குகளை மறக்காமல் போடுங்கள்.